அந்த மைனஸ் அடையாளம்

உயர்தரத்தில் பரடேயின் விதியும் லென்சின் விதியும் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. கணக்கெல்லாம் சரியா வரும். ஏன் அப்படி எண்டு கேட்டால் மட்டும் முழிப்போம்.

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாத காலம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதையை எங்கட அப்பாமார் எத்தனையோ தரம் சொல்லியிருக்கினம். போன கிழமை நாங்களும் ஒரு பழைய சைக்கிளைக் கவிழ்த்தோம்.

வயரைக் கழற்றிவிட்டுச் சுற்றினோம். சில்லு லேசாகச் சுழன்றது. பல்ப்பைக் கொழுவினோம். வெளிச்சம் வந்தது, பெடல் பாரமானது.

டைனமோவுக்குள் காந்தம் சுழல, கம்பிச்சுருளுக்கூடாகப் போகும் காந்தப்பாயம் மாறுகிறது. அந்த மாற்றம்தான் மின்னைத் தூண்டுகிறது. மின் ஓடத் தொடங்கியதும் சுருளும் ஒரு காந்தமாகி, சுழற்சியை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை வென்று நாங்கள் செய்யும் வேலைதான் வெளிச்சமாகிறது.

“கை உளையும், ஆனா செய்தி முடியுமட்டும் நிப்பாட்டேலாது” எண்டு அப்பா சொன்னது இப்பதான் விளங்குது. சமன்பாட்டில் நாங்கள் சும்மா போட்டுவந்த மைனஸ் அடையாளம், அவையின்ர கை உளைவு.