செட்டியார் வயலில் இறங்கிய புலி

யாங்கோனின் மிங்கலடோன் விமான நிலையம் பழைய போர்த்தளம். 1941 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானியர் குண்டு வீச வந்தபோது 'பறக்கும் புலிகள்' எனப்பட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் இங்கிருந்துதான் எழும்பினார்கள். அவர்களில் இருவர், மெக்மில்லனும் ஓவரெண்டும், தளத்துக்குத் திரும்ப முடியாமல் வெளியே தரையில் இறக்க வேண்டியதாயிற்று. விமானங்கள் போயின, இருவரும் பிழைத்து வந்தார்கள்.

அந்த மாதிரி மண்ணைப் பார்க்கத்தான் பெகு ஆற்றுப் பாலம் தாண்டி, நம் தாத்தாக்கள் சிரியம் என்ற தன்லின் பக்கம் போனேன். அறுவடை முடிந்து தாள் நிற்கும் வயல். பாத்திக்குப் பாத்தி வரப்பு. இங்கே சக்கரத்தை இறக்கினால்தான் ஆபத்து. வரப்பில் தட்டினால் விமானம் குப்புறக் கவிழும், விமானி அடியில் சிக்குவார். சக்கரத்தை மடக்கியே வைத்து, வேகத்தைக் குறைத்து, வயிறு தேய இறக்குவதே வழி. புலிகள் ஓட்டிய பி-40 விமானத்துக்கு மூக்கின் கீழே ரேடியேட்டர் வாய் தொங்கும். முதலில் சேற்றை வாருவது அதுதான்.

ஓடுபாதை இருந்தால் கணக்கு வேறு. 2019 மே 12 அன்று யாங்கோனிலிருந்து மாண்டலே போன மியான்மர் நேஷனல் ஏர்லைன்ஸ் எம்ப்ரேயர் விமானத்துக்கு முன்சக்கரம் இறங்கவில்லை. கேப்டன் மியாட் மோ அவுங் வட்டமடித்து எரிபொருளைத் தீர்த்தார். பின்சக்கரங்களில் இறங்கி, முடிந்தமட்டும் மூக்கைத் தூக்கியே பிடித்து, கடைசியில் மெல்லச் சாய்த்தார். 89 பேருக்கும் கீறல் இல்லை.

வயலுக்கு வருவோம். 1930களின் நெல்விலைச் சரிவில் கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்பங்கு, கடன் கொடுத்திருந்த நகரத்தார் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது சேறு. ஆகவே புலி இறங்கிய வயல் ஏதோ ஒரு காரைக்குடிப் பேரேட்டில் ஏறியிருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அந்தச் செட்டியாருக்கு அதை விசாரிக்க நேரம் இருந்திருக்காது. இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 23 குண்டுவீச்சிலேயே துறைமுகக் கூலிகள் செத்து விழ, நம்மவர் ஊரைவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

காரோட்டி வந்தவர் இங்கேயே பிறந்த தமிழர். கதையைக் கேட்டுவிட்டு, "வயலுக்கு நஷ்டஈடு யாரு குடுத்தாங்க அண்ணே?" என்றார். சரியான கேள்வி. 1948இல் பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தபோது செட்டியார்களும் அதையேதான் கேட்டார்கள்.