ஆஜியின் பத்து

புணேயில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பின் பூங்காவில் நாள்தோறும் காலை ஆறு மணிக்குப் பதினைந்து பேர் அளவில் கூடுவோம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், முழங்கால் வலிக்காரர்கள், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து வருமுன் அரை மணி நேரம் வாய்க்கும் தாய்மார்கள். தாடாசனம், திரிகோணாசனம் என எளிய ஆசனங்கள் சில. பிறகு சூரிய நமஸ்காரம், பன்னிரண்டு சுற்று. மித்ரன், ரவி எனச் சுற்றுக்கு ஒன்றாகச் சூரியனின் பன்னிரு பெயர்களையும் சொல்லி நடத்துபவர் எழுபதைக் கடந்த ஓர் அம்மையார். மராத்தி வழக்கப்படி எல்லோருக்கும் அவர் ஆஜி, பாட்டி.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேற்கு இந்தியாவில் உருவான உடற்பயிற்சிப் பண்பாடு என் ஆய்வுப் பொருள். ஆகவே பூங்காவில் நான் வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் ஆஜி, இது முனிவர்கள் வகுத்தது என்றபோது குறுக்கிட்டேன். ஹடயோகப் பிரதீபிகையில் இது இல்லை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நூலுக்கு உரை எழுதிய பிரம்மானந்தர், சூரிய நமஸ்காரங்களை மிகுதியாகச் செய்து உடலை வருத்துவதைத் தவிர்க்கவே சொல்கிறார்; இப்பயிற்சியைப் பரப்பியதில் பெரும் பங்கு ஔந்த் சமஸ்தான அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதியுடையது என்றெல்லாம் விளக்கினேன். ஆஜி புன்னகைத்தார். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ‘மேலும், நீங்கள் இரண்டு நிலைகளை விட்டுவிடுகிறீர்கள்’ என்றேன். கைகளை உயர்த்திப் பின்னோக்கி வளையும் நிலை அவரிடம் தொடக்கத்திலும் இல்லை, முடிவிலும் இல்லை. கூப்பிய கைகளிலிருந்து நேரே குனிந்துவிடுவார்.

யாரோ கைப்பேசியில் ஒரு காணொளியைத் தேடிக் காட்டினார். பன்னிரண்டு நிலைகள். மறுநாள் முதல் எல்லோரும் பன்னிரண்டுக்கு மாறினோம். ஆஜியும் மறுப்பின்றி மாறினார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அவர் கைகள் ஒரு கணம் தயங்கும். மூப்பின் தயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதங்களுக்குப் பின் நூலகத்தில் அவ்வரசரின் ஆங்கில நூலை எடுத்தேன். லூயிஸ் மோர்கன் பதிப்பித்து 1938இல் வெளிவந்த ‘தி டென் பாயின்ட் வே டு ஹெல்த்’. அதன் பெயரை என் ஆய்வுச் சுருக்கத்தில் ஏற்கெனவே குறிப்பிட்டிருந்தேன். தலைப்பிலேயே நிற்கும் அந்தப் பத்து எது என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. நிலைகளை வரிசையாகப் படித்தேன். கைகூப்பி நிற்றல். நேரே குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தல். மூன்றாவதற்குப் போகுமுன்னே ஆஜி நினைவுக்கு வந்துவிட்டார்.

மறுநாள் கேட்டேன். அவர் தந்தை ஔந்தில் படித்தவர். அந்தச் சமஸ்தானத்துப் பள்ளிகளில் சூரிய நமஸ்காரம் கட்டாயம். பிற்காலத்தில் தினமும் வீட்டு முற்றத்தில் அவர் செய்தபோது பின்னால் நின்று கற்றுக்கொண்டாராம் மகள்.

‘அன்றே ஏன் சொல்லவில்லை ஆஜி?’

‘நீங்கள் படித்தவர். அப்பாதான் எதையோ மறந்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.’

முனிவர்களைப் பற்றிய என் மறுப்பை இன்றும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால், எல்லாம் காலத்தில் உருவானது என்று அவருக்குப் பாடம் நடத்திய நானே, கைப்பேசியில் கண்ட வடிவத்தை என்றும் உள்ளதாக எடுத்துக்கொண்டேன். எந்தச் சான்றைத் தேடி ஆவணக் காப்பகங்களில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேனோ, அதை நாள்தோறும் கண்ணெதிரே கண்டு, பிழை என்று திருத்தியிருக்கிறேன்.

குழுவினரிடம் நடந்ததைச் சொன்னேன். ஆர்வத்துடன் கேட்டார்கள், பத்துக்குத் திரும்ப யாரும் விரும்பவில்லை. பின்னோக்கி வளைவது முதுகுக்கு இதமாக இருக்கிறதாம். அதுவும் உண்மைதான்.

இப்போது கடைசி வரிசையில் நாங்கள் இருவர் மட்டும் பத்து நிலைகளில் செய்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் சற்று முன்னதாகவே முடித்துவிடுகிறோம். மற்றவர்கள் நிமிர்ந்து கைகூப்பும்வரை காத்து நிற்கிறோம். பிறகு ஆஜி அடுத்த பெயரைச் சொல்கிறார்.