எண்ணிப் பார்க்கும் அன்பு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் முகவாட்டத்துடன் நம்மைக் காண வந்தார். அவர் மனைவி செவிலியர். வளைகுடா நாட்டில் எட்டு ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர். வீட்டிற்கு மாடி எழுப்பவென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி, லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி வாயிலாக நோய்ப்பரவலியலில் முதுகலைப் பட்டம் படிக்க விரும்புகிறாராம். "சாமி, நீங்கள் சொன்னால் கேட்பாள்" என்றார்.

நாமும் அழைத்துச் சொன்னோம்: "மகளே, பிள்ளைகள் சிறியவர்கள். இந்த வயதில் இப்பட்டத்தால் யாருக்கு என்ன பயன்?" அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆயினும் சேர்ந்துவிட்டார்.

சில மாதங்கள் சென்றபின் அவரே வந்தார். "சாமி, நம் கோயிலின் இறந்தோர் பதிவேட்டைப் பார்க்கலாமா? பெயர்கள் வேண்டாம், வயதும் காரணமும் போதும். பாடத்தில் கற்றதைப் பழகிப் பார்க்கவே கேட்கிறேன்" என்றார். நம் முன்னிலையிலேயே மூன்று மாலைகள் அமர்ந்து கணக்கெடுத்தார்.

யாருக்கு, எங்கே, எப்போது நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று எண்ணி ஒப்பிட்டுக் காரணத்தைத் தேடுவதே இக்கல்வி. பிள்ளைகள் உறங்கியபின் கணினியின் முன் அமர்ந்து அவர் கற்ற ஒரு நிகழ்ச்சியை நமக்கு எடுத்துரைத்தார்.

1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா மூண்டு 600-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பிராட் தெருக் கிணற்றின் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்நோ. செப்டம்பர் 8-ஆம் நாள் அதன் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்பகுதியின் ஆங்கிலிக்கன் உதவிக்குரு ஹென்றி வைட்ஹெட் இதை நம்பவில்லை. தவறென்று காட்டவே வீடுவீடாகச் சென்று விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க, மருத்துவர் சொன்னதே மெய்யெனக் கண்டார். பின்னர் இறப்புப் பதிவுகளைப் புரட்டியபோது ஒரு வரி அவர் கண்ணிற்பட்டது: 40-ஆம் எண் வீட்டின் ஐந்து மாதப் பெண் குழந்தை, வயிற்றுப்போக்குக் கண்ட நான்காம் நாள், செப்டம்பர் 2 அன்று இறந்தது. அப்படியாயின், கொள்ளைநோய் மூளுமுன்பே அக்குழந்தைக்கு நோய் கண்டிருந்தது! அதன் துணி அலசிய நீரைத் தாய் வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். அக்குழியின் கசிவு கிணற்றில் இறங்கியிருந்தது.

எவரோ ஒருவர் அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்.

நம் பதிவேட்டில் என்ன இருந்தது? "காய்ச்சல்", "திடீர் மரணம்", அல்லது வெற்றிடம். "ஐம்பது வயதைத் தாண்டாத ஆண்கள் 11 பேருக்குத் 'திடீர் மரணம்' என்றிருக்கிறது, சாமி. எதனால் என்று இனி யார் சொல்வது?" என்று அவர் மெல்லக் கேட்டார். அந்தப் பதினொருவரையும் அடக்கம் செய்தவர் நாமே. முகங்கள் நினைவிலிருந்தன, காரணத்தைக் கேட்டோமில்லை. இறைவன் சித்தம் என்று ஆறுதல் கூறித் திரும்பியிருந்தோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

நல்ல ஆயன் எண்ணிப் பார்த்ததால் அன்றோ, நூற்றில் ஒன்று குறைந்ததை அறிந்தான்! எண்ணுவதும் அன்பின் செயலே.

மறுநாள் அவர் இல்லம் சென்று, கணவர் முன்னிலையில், நம் அறிவுரை பிழையென்று ஒப்புக்கொண்டோம். கணவர் தலைகுனிந்து, "மாடி பிறகு கட்டிக்கொள்ளலாம், சாமி" என்றார்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் இல்லத்தில் இறப்பு நேரும்போது, மருத்துவர் கூறிய காரணத்தை மறைக்காமல் உங்கள் பங்குக் குருவிடம் சொல்லுங்கள். இரவில் விழித்துப் படிக்கும் மகளையோ மருமகளையோ, "யாருக்கு என்ன பயன்?" என்று கேட்காதீர்கள். நாம் கேட்டது போதும்.