அமானத்தும் கணக்கேடும்

ஏரியைக் காப்பவன் வருகின்ற நீரையும் மதகு வழியே விடுகின்ற நீரையும் அறிந்திருத்தல் வேண்டும். மதுராந்தகத்தில் ஏரிக்கரையருகே வாழும் எங்களுக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், ஊர்ப் பணமும் அத்தகையதே என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் உணர்ந்தேன்.

எங்கள் மஹல்லாவில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு மாலைப் பாடசாலை நடத்தி வருகின்றோம். படிப்பை நிறுத்திவிட்ட பெண்மக்களுக்குத் தையற்கலையும் கற்பிக்க விரும்பினோம். வெளியூர் அறக்கட்டளை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பை ஜமாஅத்தார் என்னிடம் ஒப்படைத்தனர். கல்வியின் மாண்பை விரித்து நான்கு பக்கம் எழுதினேன். அது திரும்பி வந்தது. அவர்கள் கேட்டவை வேறு: பதிவுச் சான்று, தணிக்கை செய்யப்பெற்ற மூன்றாண்டு வரவு செலவு, வருமான வரித்துறையின் அறநிறுவனப் பதிவு, பயனடைவோர் எத்தனை பேர், உதவி நின்ற பின் பணி எவ்வாறு தொடரும் என்பன.

எனக்குச் சினம் மூண்டது. "அல்லாஹ்வுக்காகச் செய்யும் பணியில் நம்மை ஐயுறுகின்றார்களே!" என்றேன். என்னிடம் ஓதி, இன்று தணிக்கையாளர் ஒருவரிடம் பணிபுரியும் இளைஞர் பணிவுடன் கேட்டார்: "ஹஜ்ரத், கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு நீங்கள்தாமே எங்களுக்கு ஓதிக் கொடுத்தீர்கள்?"

நான் வாயடைத்து நின்றேன். திருமறையின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடனை எழுதுவதும் சாட்சி வைப்பதுமே அதன் பொருள். ஜகாத் வசூலிக்கத் தாமே அனுப்பிய இப்னுல் லுத்பிய்யாவிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் கணக்குக் கேட்டார்கள். "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என அவர் பிரித்துரைத்தபோது, பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று வினவினார்கள். அவரிடமே கணக்குக் கேட்கப்பட்டதென்றால் நான் எம்மாத்திரம்!

பழைய நாட்குறிப்புகளையும் துண்டுச் சீட்டுகளையும் பரப்பிக்கொண்டு அமர்ந்தோம். திருட்டு ஏதுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், கைம்பெண் ஒருவர் "புத்தகத்திற்கு" எனக் கொடுத்த தொகையை மின்கட்டணத்திற்குச் செலவிட்டிருந்தேன். வக்பு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் மூலவாசகம் போன்றது என்னும் ஃபிக்ஹு விதியை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! அவர் தந்தது வக்பு அன்று, ஸதகாதான். எனினும் தந்தவரின் நோக்கம் மீறப்பட்டதே! அந்த அம்மையாரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். "படிக்கிற பிள்ளைகளுக்கு வெளிச்சமும் வேண்டியதுதானே ஹஜ்ரத். ஆனாலும் முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல், திரும்பி வந்த விண்ணப்பத்தினும் ஆழமாகத் தைத்தது. அத்தொகையை என் கையிலிருந்து புத்தகக் கணக்கில் சேர்த்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. 1989இல் மத்திய அரசு தொடங்கிய மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளை, சிறுபான்மையோர் கல்விப் பணிகளுக்கு நிதி வழங்கி வந்தது. அதனை மூடுமாறு 2024இல் ஆணை பிறந்தது. பிறர் திறந்த மதகு ஒருநாள் அடைபடலாம். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூலத்தை நிறுத்திப் பயனை அறம் செய்யுமாறு அண்ணலார் வழிகாட்டினார்கள். அந்த முறையே நிலைத்து நிற்பது.

இப்பொழுது பாடசாலை முறையாகப் பதிவு பெற்றுள்ளது. ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆ தொழுகைக்குப் பின் வரவு செலவு பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படுகின்றது. அதைப் படித்த ஜமாஅத்தாரே இரண்டு தையல் இயந்திரங்களை வாங்கித் தந்துவிட்டனர். அறக்கட்டளைக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கின்றோம். இன்ஷா அல்லாஹ், உதவி வரலாம், வராமலும் போகலாம். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இன்று எங்களிடம் விடை உண்டு. மறுமையில் கேட்கப்படும் கணக்கிற்கும் அதுவே சிறு முன்பயிற்சியாக அமையட்டும். ஆமீன்.