தராசும் முள்ளும்

ஆனையூர்த் தெருவில் கேஸ் வண்டி இறக்கி வைக்கும் சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். பிளஸ் ஒன் வேதியியல் படிக்கும் பிள்ளை இதை ஒத்துக்கொள்ளாது. அழுத்தமும் கன அளவும் வெப்பநிலையும் தெரிந்தால் நல்லியல்பு வாயுச் சமன்பாடே நிறையைச் சொல்லிவிடுமே, தராசு எதற்கு? நியாயமான கேள்விதான். ஆஸ்பத்திரி ஆக்சிஜனுக்கு அந்தக் கணக்கு செல்லவும் செய்கிறது. 46.7 லிட்டர் பெரிய சிலிண்டர், 150 பார் அழுத்தம், 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்தால் 278 மோல் வரும். மோலுக்கு 32 கிராம் வீதம் ஏறக்குறைய 9 கிலோ. அத்தனை அழுத்தத்தில் ஆக்சிஜன் சமன்பாட்டுக்கு முழுக்க அடங்காது, சில சதவீதம் பிசகும். ஆனாலும் அழுத்தமானியின் முள் பாதிக்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி தீர்ந்தது என்று நம்பலாம்.

சமையல் கேஸில் அந்த நம்பிக்கை செல்லாது. பெயர்தான் கேஸ், உள்ளே கிடப்பது பெரும்பாலும் திரவமான புரொப்பேனும் பியூட்டேனும். 33.3 லிட்டர் கொள்ளும் அந்தச் சிலிண்டரில், 6 பார் அழுத்தத்தில் வெறும் ஆவி மட்டும் நிறைந்திருப்பதாகக் கொண்டு சமன்பாட்டில் போட்டால் அரைக் கிலோகூடத் தேறாது. மீதி 13 கிலோவுக்கு மேல் கணக்கில் அகப்படாமலே போகிறது. சொட்டுத் திரவம் மிஞ்சியிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையும் கலவையும்தான், அளவு அல்ல. சித்திரை வெயிலில் முள் ஏறும். கேஸ் ஒரு கிராமும் கூடியிருக்காது. ஈரத்துணியைச் சுற்றி, எதுவரை சீக்கிரம் காய்கிறது என்று பார்க்கும் வீட்டு வைத்தியம் முள்ளைவிட மேல்; அது திரவ மட்டத்தையாவது காட்டும்.

டெலிவரி ஆளின் தொங்கு தராசை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. கைப்பிடித் தகட்டில் பொறித்த வெற்று எடையை மொத்தத்திலிருந்து கழிக்கிறோம். தராசு 200 கிராம் கூட்டிக் காட்டினால் பிழை அப்படியே நம் கணக்கில் விழும். அதே தராசில் நிறைந்ததையும் தீர்ந்த பிறகு அதே சிலிண்டரையும் நிறுத்தால், எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் பிழை தானாகக் கழிந்துவிடும். அப்போதும் ஒரு சிறு பாக்கி உண்டு. அடுப்பு அணைந்து, 'காலி' என்று திருப்பி அனுப்பும் சிலிண்டருக்குள் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக ஆவி நிற்கிறது. பிள்ளையின் சமன்பாட்டுக்கு இங்கேதான் வேலை: கிட்டத்தட்ட 70 கிராம்.