பதினாறரை மில்லிமீட்டர்

பாஸ் கிட்டார் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை ஒலிக்க வேண்டிய கருவி என்ற எண்ணம் இசைத்துறையிலேயே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸில் நான்கே கம்பிகள்: ஈ, ஏ, டி, ஜி. அந்த வழியில் வந்த நான்கு கம்பிக் கருவிகளில், குதிரையின் மேல் ஒரு கம்பியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை ஏறத்தாழ 19 மி.மீ. இருப்பதே வழக்கம். இரண்டு விரல்கள் மாறி மாறி ஒரு கம்பியை மீட்டவும், கட்டைவிரல் அறையவும் அது தாராளமான இடம். ஒரே வீச்சில் மூன்று சுரங்களைப் பிடிப்பவருக்காக அந்த அளவை எவரும் திட்டமிடவில்லை.

(குதிரை, மேரு, மெட்டு, தண்டி ஆகிய வீணைச் சொற்களே இங்கு ஆளப்படுகின்றன. கிட்டாரின் உறுப்புகளுக்கு அவை அப்படியே பொருந்தும்போது வேறு சொல் தேடுவது வீண்.)

இன்றைய வடிவிலான ஆறு கம்பி பாஸின் வரலாறே இடைவெளியைப் பற்றிய ஒரு மனக்குறையோடுதான் தொடங்குகிறது. பாஸும் கிட்டார் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே, அதற்கு மட்டும் ஏன் நான்கு கம்பி என்று கேட்டவர் அமெரிக்கக் கலைஞர் ஆன்டனி ஜாக்சன். அவருக்காக கார்ல் தாம்சன் 1975-இல் ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். கீழே ஒரு பி, மேலே ஒரு சி. ஆனால் அதில் கம்பிகள் மிக நெருக்கமாக இருந்தன. ஜாக்சனுக்கு அது ஒத்துவரவில்லை. பின்னர் கென் ஸ்மித், அதன்பின் ஃபொடெரா என்று அவர் நாடிச் சென்ற கருவிகளில் இடம் அகன்றது. ஜாக்சனின் தேவை தனிச்சுர ஓட்டம். கார்டு பிடிப்பவரின் தேவை வேறு. இவ்வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் இந்த வேறுபாட்டைத் தம் விரல்களால் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். நாற்றுப்பண்ணையில் மிளகுக்கொடியும் கிராம்பும் பதியம் போடும் தொழில். பெற்றோர் தென் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டில் தமிழ், வீதியில் இந்தி. இளையராஜா பாடல்களின் ஒலிநாடாக்களை ஓடவிட்டு, குரலை ஒதுக்கிவிட்டு அடியில் தனியொரு மெட்டாக நடக்கும் பாஸை மட்டும் கேட்டுக் கேட்டுக் கற்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான்கு கம்பிக் கருவியொன்றை வாசித்துவந்தார். மண்ணைப் பிசைந்து பழகிய தடித்த விரல்களுக்கு 19 மி.மீ. இடைவெளி சொந்த வீட்டுத் திண்ணையைப் போலப் பழகியிருந்தது.

ஊரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அலை வந்து போயிற்று. தாழ்ந்த தரை திரும்பவில்லை. சிப்பிகாட்டின் நெல்வயல்களில் ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல்நீர் நுழைந்தது. நின்றபடி பட்டுப்போன தென்னைகளும், வரப்பு இருந்த இடத்தில் உப்புநீரும், அந்நீரைத் தேடிவரும் பறவைகளும் இப்போது அவ்வூரின் அடையாளம். பறவைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவருடைய குடும்பத்தின் வயலும் அந்நீருக்கடியில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் சிறியதொரு நினைவு வழிபாடு நடக்கும். இருபது பேர் பாடுவார்கள்.

பாடற்குழுவில் கீபோர்டு வாசித்தவர் பிழைப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்ததும் சிக்கல் வந்தது. குழுவை நடத்தும் மூத்த அம்மையார், அனைவருக்கும் அக்கா, சுருக்கமாகக் கேட்டார்: "தம்பி, உன் பெட்டி ஒன்றையே வைத்துக்கொண்டு பாட முடியுமா?" முடியும் என்று சொல்லிவிட்டார். நான்கு கம்பிக் கருவியை விற்றார். அந்தப் பணத்தோடு கையிருப்பையும் சேர்த்து, பழைய ஆறு கம்பி பாஸ் ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தார். திரும்பிப் போக வழி இல்லை. வந்த கருவியின் குதிரையில் இடைவெளி 16.5 மி.மீ.

பாஸில் கார்டு ஏன் குழம்புகிறது என்பதற்குக் காரணம் விரலில் இல்லை, செவியில் இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் உட்செவி ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைக்குள் விழும் இரு ஒலிகளைத் தெளிவாகப் பிரித்தறிவதில்லை. ஈ கம்பியின் வெற்றொலி 41.2 ஹெர்ட்ஸ். அதன் மேல் வரும் அந்தர காந்தாரம் 51.9. இரண்டுக்கும் இடையே வெறும் 10.7 ஹெர்ட்ஸ், சேர்த்து மீட்டினால் உறுமல்தான் மிஞ்சும். ஆகவே காந்தாரத்தை மேல்ஸ்தாயிக்குத் தூக்கிவிட வேண்டும். அவர் முதலில் பயின்ற பிடி இது: ஏ கம்பியின் 3-ஆம் மெட்டில் ச, ஜி கம்பியின் 4-ஆம் மெட்டில் காகலி நிஷாதம், சி கம்பியின் 4-ஆம் மெட்டில் மேல்ஸ்தாயி காந்தாரம். ஹெர்ட்ஸ் கணக்கில் 65.4, 123.5, 164.8. பஞ்சமம் இல்லை, அது இல்லாததை எவரும் உணர்வதும் இல்லை. கம்பிகள் அனைத்தும் ஒரே இடைவெளியில், அதாவது ச–ம தூரத்தில், சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால் இதே பிடியை அடுத்த கம்பிகளுக்கும் மேலே கீழே உள்ள மெட்டுகளுக்கும் அப்படியே நகர்த்தலாம். சாதாரண கிட்டாருக்கு இந்த வசதி இல்லை.

இப்போது வலக்கையைப் பாருங்கள். கட்டைவிரல் ஏ கம்பியில், சுட்டுவிரலும் நடுவிரலும் ஜி, சி கம்பிகளில். ஏ முதல் சி வரை மூன்று இடைவெளிகள். 19 மி.மீ. கருவியில் அது 57 மி.மீ.; இந்தக் கருவியில் 49.5. ஏழரை மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கை விரிந்த நிலையில் ஒரே கணத்தில் மூன்று கம்பிகளையும் சம வலுவோடு கிள்ள வேண்டும். விரிந்த விரல் வலுவிழந்த விரல். மரபுச் செவ்வியல் கிட்டாரில் இடைவெளி 12 மி.மீ. அளவில் நிற்பதற்குக் காரணம் இதுவே. வலக்கையைப் பொறுத்தவரை கார்டுக்கு நெருக்கம் நல்லது. தனிச்சுர ஓட்டத்துக்கு அகலம் நல்லது. இரண்டையும் ஒரே குதிரையில் பெற முடியாது.

இடக்கையின் கணக்குதான் சுவையானது. குதிரையில் எத்தனை இடைவெளி இருந்தாலும் மேருவில் கம்பிகள் குறுகியே தொடங்குகின்றன. இக்கருவியின் மேருவில் முதல் கம்பி முதல் ஆறாம் கம்பி வரை 46 மி.மீ. குதிரையில் 82.5. அதே மேருவோடு 19 மி.மீ. குதிரையைப் பொருத்தினால் 95. இவ்விரு தண்டிகளும் 4-ஆம் மெட்டில் எவ்வளவு வேறுபடும்? ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் இடையே அங்கு 10.7-உம் 11.2-உம்தான். அரை மில்லிமீட்டர். 12-ஆம் மெட்டில், அதாவது சரிபாதியில், 12.85-உம் 14.1-உம் ஆகிறது; ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே விரலைப் படுக்கவைத்தால் ஆறு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு. பாஸில் கார்டு மிகத் தெளிவாக ஒலிப்பது அம்மேல்மெட்டுகளில்தான். இடக்கைக்கு அகலம் தொல்லையாவதும் அங்கேதான். கருவியை வாங்குமுன் முதல் மெட்டுகளில் மட்டும் விரல்வைத்துப் பார்க்கிறவர்கள் இதனால் ஏமாறுகிறார்கள்.

கருவி வந்தபோது அதன் நெகிழி மேரு விரிசல் விட்டிருந்தது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் நண்பரிடம் வெர்னியர் அளவுகோலை இரவல் வாங்கி, மாட்டெலும்பில் புதியதொன்றை அரத்தால் தாமே இழைத்தார். காடியை எப்படி வெட்டுவது? இதில் இரண்டு கட்சிகள் உண்டு. கம்பிகளின் மையங்களைச் சம தூரத்தில் வைப்பது ஒன்று. கம்பிகளுக்கிடையிலான வெற்றிடத்தைச் சமமாக வைப்பது மற்றொன்று. பி கம்பியின் தடிமன் 3.3 மி.மீ.; சி கம்பியோ 0.8. மையங்கள் 9.2 மி.மீ. என்று சமமானால் பி–ஈ இடையே 6.2 மி.மீ. வெற்றிடமும் ஜி–சி இடையே 8.2 மி.மீ. வெற்றிடமும் கிடைக்கும். வெற்றிடத்தைச் சமமாக்கினால் எங்கும் 7.27. நூல்களும் பெரும்பாலான தச்சர்களும் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் முறையை. அவரும் முதலில் அவ்வாறே வெட்டினார். தடித்த கம்பிகள் மூச்சுவிட்டன. ஆனால் கார்டின் மேலிரண்டு சுரங்கள் குடியிருக்கும் ஜி, சி கம்பிகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரை இழந்தன. அவருடைய மோதிரவிரல் சி கம்பியை உரசியது. காந்தாரம் பிறக்கும்போதே செத்தது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு எலும்புத் துண்டு. இம்முறை மையங்கள் சமம். மேலே இடம் கிடைத்தது. கீழே, முதல் மெட்டுகளில் ஈ கம்பியை அழுத்தும் விரல் நுனி பி கம்பியையும் தொட்டுவிடுகிறது. இதைக் குறை என்று சொல்வது எளிது. ஆனால் ஆறு கம்பி பாஸில் வாசிப்பதைவிடக் கடினமானது, வாசிக்காத கம்பிகளை வாய்மூட வைப்பது. தனிச்சுரம் வாசிக்கும்போது வலக்கட்டைவிரல் கீழ்க்கம்பிகளின் மேல் சாய்ந்து அவற்றை அடக்கிவைக்கும். கார்டு வாசிக்கையில் அக்கட்டைவிரலே மீட்டும் விரலாகிவிடுகிறது, காவலுக்கு ஆளில்லை. ஏ கம்பியைப் பிடிக்கும் இடக்கை நடுவிரலின் நுனி ஈ கம்பியை மெல்லத் தொடவேண்டும். அதே விரலின் அடிச்சதை டி கம்பியின் மேல் படியவேண்டும். தண்டி அகன்றிருந்தால் இந்த இரட்டை வேலை நடக்காது. தனிச்சுர வாசிப்பில் பிழையெனப்படும் உரசலே கார்டு வாசிப்பில் உத்தியாகிறது. தடித்த விரல் இங்கு ஊனமில்லை. மெல்லிய விரலுக்கு எட்டாத கம்பியை அது சும்மா இருந்தபடியே தொடும்.

கம்பிகளின் அமைப்பைத் தம் இசைக்கேற்ப மாற்றிக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைக் கம்பிகள் நான்கை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பிகள் ஐந்தை வைத்துக்கொண்டார். இணையாக ஓடும் இரட்டைக் கம்பியை வளைத்துக் கமகம் வாங்குவது அரிது. வீணையில் ஒரு கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்க இடம் வேண்டும். கமகத்தின் தேவை விரிவு. கார்டின் தேவை செறிவு. இசையியல் வகுப்பறைகளில் இரு மரபுகளின் ஒப்பீடு பெரும்பாலும் ராகம், ஹார்மனி என்ற கருத்துகளின் தளத்திலேயே முடிந்துவிடுகிறது. ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கும் ஒப்பீடு அரிதாகவே நடக்கிறது என்பது வருந்தத்தக்கது.

வலக்கை மட்டும் எளிதில் இணங்கவில்லை. இருபதாண்டுப் பழக்கம் 19 மி.மீ. தொலைவில் கம்பியை எதிர்பார்த்தது. டி என்று நினைத்து ஜி-யை மீட்டினார். இரவுகளில் ஒலிபெருக்கி இல்லாமல் வெறுங்கம்பியில் பயிற்சி. ஈரக்காற்றில் துருவேறும் கம்பிகளை ஒவ்வொரு முறையும் துணியால் துடைத்தல். பத்து வயது மகள் அருகில் அமர்ந்து, "அப்பா, இந்தக் கம்பி பேசக் கூடாதா?" என்று டி கம்பியைச் சுட்டிக் கேட்பாள். பேசக் கூடாது என்பார்.

அவ்வாண்டு டிசம்பர் 26 காலை வழிபாட்டில் இரண்டு சரணங்கள் வரை மூன்று சுரங்களும் தனித்தனியே கேட்டன. பாடகர்கள் சுருதியைத் தேடாமல் பாடினார்கள். மூன்றாம் சரணத்தில் இடக்கைச் சுண்டுவிரல் இறுகிக்கொண்டது. காந்தாரத்தை விட்டுவிட்டு ஆதாரத்தையும் நிஷாதத்தையும் மட்டும் பிடித்து முடித்தார். முடிந்ததும் அக்கா அருகே வந்து, "மூணாவது சரணத்துல மட்டும் ஏன் தம்பி அப்படி ஏங்க விட்டே?" என்று கேட்டார். அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

இப்போது அப்பாடலை இரண்டு மெட்டு மேலே தள்ளி வாசிக்கிறார். அங்கு மெட்டுகளுக்கிடையிலான தூரம் குறைவு, சுண்டுவிரல் தாங்குகிறது. பெண்கள் குரலுக்குச் சற்று உயரம்தான். அதைப் பற்றி அக்காவோடு பேச்சு இன்னும் முடியவில்லை.