பழுக்க விடாத வேலி

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் பக்கம் போனால், தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்களை ஒட்டி மஞ்சள் இலை டுராண்டாதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி இது. வளர விட்டால் நீலப் பூங்கொத்தும், பிறகு பொன்மணிகள் போன்ற பழக்குலையும் தாங்கும். இந்த வேலிகளில் மணியைத் தேடுவது வீண். கயிறு இழுத்துக் கட்டி, அந்த மட்டத்துக்கு மேல் நீட்டிய துளிரையெல்லாம் நீளக் கத்தரியால் பெண்கள் வெட்டித் தள்ளுகிறார்கள். டுராண்டா பூப்பதே அந்த இளந்துளிரின் நுனியில்தான். அடுத்த பூ அரும்புமுன் அடுத்த ‘கட்டிங்’ வந்துவிடுகிறது. மண்ணில் விழும் மஞ்சள் துணுக்குகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கூடையில் செடியின் வருங்காலப் பழம் மட்டுமல்ல, வெட்டுகிறவரின் கைத்திறனும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது என்பதுதான் என் வாதம்.

மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் காலிகார்ப்பா என்ற புதரை அதன் ஊதாப் பழத்துக்காகவே தோட்டத்தில் வளர்க்கிறார்கள். கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அந்தப் பழம் முழுக்கத் தோட்டக்காரரின் முடிவைப் பொறுத்தது. குளிர்காலக் கடைசியில் அடியொட்டி வெட்டலாம். புதுக்கிளை எழுந்த பிறகு கத்தரி அண்டக் கூடாது. அதன் உறவுச் செடியொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்டு. சித்திரை வெயில் காயும் இந்தச் சமவெளிக்கு அதைக் கொண்டுவரச் சொல்லவில்லை. வெட்டாமல் விட வேண்டிய காலம் எது என்ற அறிவைத்தான் சொல்கிறேன். விவசாய வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. கார்த்திகையில் மல்லிகைக்குக் கவாத்து செய்தால் பங்குனியில் பூ பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஆலைகளின் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. துப்புரவோடு சேர்த்து, மாதத்துக்கு இத்தனை வெட்டு, வேலி மட்டம் சீர் என்று எழுதிவிட்டால், செடி தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே கூலிக்கு ஒரே வேலை செய்வார்கள்.

டுராண்டாப் பழம் நச்சுத்தன்மை உள்ளது, பழுக்காமல் இருப்பதே மேல் என்பார்கள். உண்மைதான், ஆகவே செடியையே மாற்றலாம் என்கிறேன். பழம் வந்தால் பறவை விதையைப் பரப்பும் என்ற அச்சமும் நியாயமானதே. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி முதுமலைக் காட்டை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம். ஆனால் நம் மண்ணின் கிளாவுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. வெள்ளைப் பூ, இளஞ்சிவப்பிலிருந்து கருஊதாவுக்கு மாறும் காய், வறட்சி தாங்கும் வேர். ஊறுகாய்க்கும் ஆகும். முள் இருக்கிறதே என்றால், வேலிக்கு முள் குறையா என்ன? காய் பறித்த பிறகு ஒரு கவாத்து போதும். வரிசை கலைந்து தெரியுமே என்ற ஆட்சேபம்தான் மிச்சம். வாயிற்புறத்தில் மட்டம் கட்டிக்கொள்ளட்டும். ஆலை நிலத்தில் ஒரு பகுதி பசுமையாக இருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக நிபந்தனை போடுகிறார்களே, அந்தப் பரப்பு முழுவதும் கயிற்று மட்டத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. கிளா நிதானமாகத்தான் வளரும், முதல் சில ஆண்டுகள் வேலி ஓட்டையாகத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதப்போகும் அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை: வெட்டு எண்ணிக்கையை எடுத்துவிட்டு, எந்தச் செடிக்கு எந்த மாதம் கவாத்து என்று எழுதுங்கள். அதை முடிவு செய்யத் தெரிந்தவரைத் துப்புரவுக் கணக்கிலிருந்து பிரித்து, தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்கான கூலியைக் கொடுங்கள்.